மாப்ளைக்கு: பனியில உக்கார்ற பேன்ட் பத்தி

மாப்ள,

மான் வேட்டைக்கு எந்தப் பேன்ட் வாங்குறதுன்னு நீ கேட்ட மெயிலை அன்னைக்கே பாத்துட்டேன், பதில் எழுதத்தான் லேட்டு. இங்க ஏலக்காய் எடுப்பு நடக்குது, காலைல ஜீப் வந்து ஆளுகளை எறக்கி விட்டதுல இருந்து ராத்திரி ஸ்டோர்ல காயைக் காயப் போடுற வரைக்கும் போனைத் தொட நேரமில்ல. தேவாரம், கோம்பை, கம்பத்துல இருந்து வர்ற ஆளுகளை நம்பித்தான் இந்த மேட்டுல மொத்தத் தோட்டமும் ஓடுது, உனக்குத் தெரியாததா.

நீ மான் வேட்டைக்குப் போறேன்னு எழுதுனதை வீட்ல படிச்சுக் காட்டுனேன், "அண்ணனுக்கு எதுக்கு இந்த வேலை, கேஸ் ஆயிராதா"ன்னு பயந்துட்டா. அவ கேக்குறதும் நியாயந்தான, 1972ல வனவிலங்கு சட்டம் வந்துச்சு, இப்பல்லாம் நம்மூர்ல வேட்டைன்னாலே ஜெயில்தான். இரவிகுளத்துல வெள்ளைக்கார எஸ்டேட் தொரைங்க வரையாடு சுடுறதுக்குன்னே காட்டைக் காவல் போட்டு வச்சிருந்தாங்க, அதே காடு 1975ல சரணாலயமாகி 1978ல நேஷனல் பார்க் ஆயிருச்சு, இப்ப டிக்கெட் எடுத்து பஸ்ல போய்ப் பாக்குறோம். காட்டுப்பன்னிக்கு மட்டும் 2022ல கேரளால ஒரு வழி விட்டாங்க, பயிரை அழிச்சா பஞ்சாயத்து பிரசிடென்ட் ஆர்டர் போட்டு லைசென்ஸ் துப்பாக்கிக்காரரை வச்சு சுடலாம்னு. அங்க அமெரிக்கால உங்க விஸ்கான்சின்ல லைசென்ஸ் எடுத்து, சீசன் பாத்து, முறையாப் போறதுன்னு சொல்லி அவளைச் சமாதானப்படுத்துனேன். 1973க்கு அப்புறம் பொறந்தவன்னா வேட்டைப் பாடம் படிச்சு சர்டிபிகேட் வாங்கணும்னு நீ எழுதியிருந்தேல்ல, அதைச் சொன்னதும் "அங்கயுமா பரீட்சை"ன்னு சிரிச்சுட்டா.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். ரெண்டு பேன்ட் படம் அனுப்பிருக்க, ஒண்ணு மெத்தை மாதிரி தடியா இருக்கு, இன்னொண்ணு அவ்வளவு தடிமன் இல்ல ஆனா காத்து புகாதுன்னு போட்டிருக்கான், வெலையும் ஜாஸ்தி. சென்னைல அந்த ஜாக்கெட் எக்ஸ்போர்ட் கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருந்தப்ப வெளிநாட்டுக்குப் போற பனிக் கோட்டும் பேன்ட்டும் கையில பொரண்டுக்கிட்டே இருக்கும், அதனால துணியைப் பத்தி தைரியமாச் சொல்றேன். ரெண்டாவதை எடு. ஏன்னு கேளு.

சூடு பஞ்சுல இல்ல மாப்ள. பஞ்சுக்குள்ள அசையாம அடைபட்டு நிக்கிற காத்துலதான் சூடு இருக்கு. வெளிய அடிக்கிற காத்து துணியைத் துளைச்சு உள்ள பூந்து அந்தக் காத்தைத் தள்ளி விட்டுருச்சுன்னா நீ எத்தனை இஞ்ச் பஞ்சு வச்சிருந்தாலும் வேஸ்ட். நம்ம ராமக்கல்மேட்டுல நிக்கிறப்பப் பாத்திருக்கேல்ல, ஸ்வெட்டர் போட்டவன் நடுங்குவான், ஸ்வெட்டருக்கு மேல சாதாரண மழைக்கோட்டை மாட்டுனவன் தெம்பா நிப்பான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னா அந்தக் காத்து கம்பளி ஓட்டையில நுழையாதா என்ன. அங்க உங்க ஊர்ல கணக்கே போட்டு வச்சிருக்காங்க, பத்து டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 12 செல்சியஸ், அதுல மணிக்கு 20 மைல் காத்து அடிச்சா உடம்புத் தோலுக்கு அது மைனஸ் 23 செல்சியஸ் மாதிரி. நீ போறது டிசம்பர், துப்பாக்கி சீசன் ஒம்பது நாள் முடிஞ்சு குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற மஸில்லோடர் துப்பாக்கி சீசனும் தாண்டி. மரத்து மேல ஸ்டாண்ட்ல, அதான் பரண்ல வேற உக்காரப் போற, அங்க மறைப்பே கிடையாது, தொடை முன்பக்கம் முழுசும் காத்துக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கும். எல்லாரும் கோட்டுக்கு ஆயிரம் டாலர் செலவு பண்ணிட்டு காலுக்கு ஏதோ ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போவாங்க, அப்புறம் பாதம் விறைக்குதுன்னு பூட்ஸைத் திட்டுவாங்க. பாதத்துக்குப் போற ரத்தம் தொடை வழியாத்தான போகணும், அங்கயே குளுந்து போச்சுன்னா பூட்ஸ் என்ன பண்ணும்.

அந்தத் தடி பேன்ட் படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன், மேல்துணியிலயே கட்டம் கட்டமா தையல் ஓடுது. இதைத்தான் நான் எங்க செக்ஷன்ல எப்பவும் சொல்லுவேன், ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் காத்துக்கு வாசல், அதோட தையல் ஓடுற எடத்துல பஞ்சு அமுங்கி தடிமனே இருக்காது, கோடு கோடா குளிர் எறங்கும். நல்ல உருப்படில பஞ்சை உள் லைனிங்கோட மட்டும் சேத்துத் தைச்சிட்டு மேல்துணியைத் தையல் படாம தனியா விட்டிருப்பான். கடைக்குப் போனா கையை உள்ள விட்டுப் பாரு, வெளித்துணி தனியா வழுக்கணும்.

பஞ்சு எதுன்னு கேட்டிருந்த. வாத்து எறகு எடைக்கு எடை பாத்தா நல்ல சூடுதான், ஆனா நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கும், நீ உக்கார்ற எடத்துல உன் வெயிட்டுக்கு நசுங்கியும் போயிரும். செயற்கைப் பஞ்சே போதும். தின்சுலேட் உன் பக்கத்து ஸ்டேட் மின்னசோட்டாக்காரன் சரக்கு, 1979ல மார்க்கெட்டுக்கு வந்தது. பிரைமாலாஃப்ட் 1980கள்ல அமெரிக்க ராணுவத்துக்காகச் செஞ்சது, எறகு மாதிரி இருக்கணும் ஆனா நனைஞ்சாலும் சூடு போகக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க. லேபிள்ல ஜிஎஸ்எம் போட்டிருப்பான், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சுன்னு அர்த்தம், நடந்துக்கிட்டே இருக்கிறவனுக்கு 60 போதும், நாள் முழுக்க அசையாம உக்கார்றவனுக்கு 100க்கு மேல, முடிஞ்சா 133 இருக்கிறதைப் பாரு. எந்தப் பஞ்சானாலும் பின்பக்கம் அமுங்கத்தான் செய்யும், அதுக்கு நுரை ரப்பர் சீட்டு ஒண்ணு கையோட கொண்டு போ, அஞ்சு பத்து டாலர் சமாச்சாரம், அம்பது டாலர் அதிகம் குடுத்து வாங்குற பஞ்சை விட அது வேலை செய்யும்.

கோர்டெக்ஸ் வேணுமான்னா, எனக்கென்னவோ உனக்கு அது அவசியம்னு தோணல. 1969ல பாப் கோர்னு ஒருத்தரு டெஃப்லான் கம்பியைச் சூடாக்கி வெடுக்குன்னு இழுத்துப் பாத்துத்தான் அந்த மெம்ப்ரேனே, அதான் துணியோட ஒட்டுற மெல்லிசு சவ்வு, பொறந்துச்சாம், தண்ணி உள்ள வராது வேர்வை ஆவி வெளிய போகும், நல்ல சரக்குதான். ஆனா மைனஸ் பத்துல விழுகுறது மழையா, தட்டி விட்டாப் போற பனித்தூள்தான. உனக்கு வேண்டியது காத்தைத் தடுக்கிற மெம்ப்ரேன், தண்ணி லேசாத் தெறிச்சா உருண்டு ஓடுற அளவுக்கு ஒரு கோட்டிங், அவ்வளவே. முழு வாட்டர்புரூஃப் துணி முக்காவாசி மொடமொடன்னு இருக்கும், சத்தம் போடும்.

சத்தம்னதும் ஞாபகம் வருது, இது நீ கேக்கவே இல்ல. மானுக்கு காது எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நைலான் துணி தொடையோட தொடை உரசுனாலே சர்ரு சர்ருங்கும், உக்காந்த எடத்துல காலை மாத்துனாக் கூட மான் ஓடிரும். மேல்பக்கம் பிரஷ் பண்ணி மெதுமெதுன்னு இருக்கிற ட்ரைகாட் பின்னல் துணி இல்லேன்னா கம்பளித் துணி பாரு, ஒட்டுப்புல்லு கொஞ்சம் புடிக்கும், அது பரவால்ல. இன்னொண்ணு, கடைக்குள்ள ஹீட்டர் போட்டிருக்கிற எடத்துல எந்தத் துணியும் அவ்வளவாச் சத்தம் போடாது, குளிர்லதான் சிலது விறைச்சுக்கிட்டு சரசரங்கும். அதனால வாங்கிட்டு வந்து டேக்கைப் பிய்க்காம ராத்திரி கார் டிக்கில போட்டு வையி, காலைல வெளிய நின்னே கசக்கிப் பாரு, சத்தம் புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துரு, உங்க ஊர்ல அந்த வசதி இருக்குல்ல, இங்க பில்லைக் காட்டுனாலே மொறைப்பான்.

இதை எல்லாத்தையும் விட நான் முக்கியமா நினைக்கிறது பக்கவாட்டு ஜிப்பு. இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் முழுசாத் தொறக்கணும், ரெண்டு பக்கமும். நீ அரை மைல் பனியில நடந்துதான் ஸ்டாண்டுக்குப் போகணும்னு எழுதிருக்க, இந்தப் பனி பேன்ட்டைப் போட்டுக்கிட்டு நடந்தேன்னா பாதி வழியிலேயே உள்ள வேர்த்துக் கொட்டும், போய் உக்காந்ததும் அந்த ஈரமே உன்னைக் கொல்லும், தண்ணி காத்தை விட இருபத்தஞ்சு மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சுமாம். நடக்கும்போது சாதா பேன்ட், லேசாக் குளுரத்தான் செய்யும், குளுரட்டும். இதை பேக்ல சுருட்டிக் கட்டிக்கிட்டுப் போயி மரத்தடியில நின்னு மூச்சு அடங்குனதும் பூட்ஸைக் கழட்டாம அப்படியே காலைச் சுத்திப் போட்டு ஜிப்பை ஏத்து. ஜிப்புக்குப் பின்னாடி ஒரு பட்டைத் துணி மறைப்பு இருக்கான்னு பாத்துக்க, இல்லேன்னா அந்த ஜிப்பு வழியே காத்து வரும். க்ளவுஸோட புடிக்கிற மாதிரி பெரிய இழுப்பு வேணும்.

உள்ள என்ன போடுறதுன்னா மெரினோ கம்பளி, வேற எதுவும் வேணாம். கம்பளி தன் எடையில முப்பது பர்சென்ட் வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கிட்டு ஈரம் மாதிரியே தெரியாது. போன தடவை வந்தப்ப திருப்பூர் காட்டன் தெர்மல் ஒரு டஜன் அள்ளிட்டுப் போனேல்ல, அதை வீட்ல தூங்கப் போட்டுக்க. காட்டன் வேர்வையைக் குடிச்சிட்டு காயவே காயாது.

சைஸ் ஒண்ணு பெருசா எடு. உள்ள ரெண்டு அடுக்கு போட்டுக்கிட்டுப் போயி கடையில குத்த வச்சு உக்காரு, ஒரு காலை ஏணி ஏறுற மாதிரி தூக்கு, தொடையில இறுக்குனா பஞ்சு நசுங்கியாச்சு, காசு தண்டம். மரத்துல ஏறுறதுக்கு சேஃப்டி பெல்ட் மாட்டுவேல்ல, அதோட கால் பட்டையும் இதுக்கு மேலதான் வரும், அதையும் கொண்டு போயே மாட்டிப் பாரு. நெஞ்சு வரைக்கும் ஏறுற பிப் மாடலா சாதாவான்னு யோசிக்கிற, எனக்கு பிப்தான் புடிக்கும், முன்னாடி குனிஞ்சா இடுப்புல சட்டைக்கும் பேன்ட்டுக்கும் நடுவுல சந்து விழாது, உன் தொப்பைக்கு எலாஸ்டிக் வேற வெட்டாது. ஒண்ணுக்குப் போறதுதான் பாடு, அதுக்கு ஜிப்பு கீழ வரைக்கும் எறங்குற மாடலா எடு.

வெலை 300, 400 டாலர்ங்கிறது கண்ணைக் கட்டுதுன்னா மிலிட்டரி சர்ப்ளஸ் கடைல கேளு, அமெரிக்க ஆர்மியோட லெவல் செவன்னு ஒரு பேன்ட் இருக்கு, பிரைமாலாஃப்ட் போட்டது, எல்லாத்துக்கும் மேல மாட்டுறதுக்குன்னே செஞ்சது, பக்க ஜிப்பும் உண்டு. மேல்துணி கொஞ்சம் சலசலக்கும். பழைய கம்பளி பேன்ட் ஒண்ணு பெரிய சைஸ்ல கெடச்சா அதை மேல போட்டுக்க, சலசலப்பு அடங்கிரும், ஆரஞ்சுக் கலர் இடுப்புக்கு மேலதான கட்டாயம், கீழ எது போட்டாலும் சரிதான். தொவைக்கிறப்ப ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தாத, அந்தத் தண்ணி உருளுற கோட்டிங் போயிரும். துணியை வெளுப்பாக் காட்ட நீலமா மின்ன வைக்கிற சோப்புத்தூளும் வேணாம், மானுக்கு செவப்பு சரியாத் தெரியாது ஆனா நீல வெளிச்சம் நல்லாத் தெரியும், நீ பளபளன்னு தெரிவ.

ஊர் சேதி பெருசா ஒண்ணும் இல்ல. 2023ல இருந்து போடிக்கு ரயில் திரும்ப ஓடுது, மெட்ராஸ்ல ஏறுனா நேரா போடில எறங்கலாம், அடுத்த தடவை வரும்போது மதுரைல எறங்கி டாக்சிக்கு அழாத. புத்தடி ஏலத்துல காய் வெலை ஒரு வாரம் ஏறுது ஒரு வாரம் எறங்குது, நான் பாதியைப் புடிச்சு வச்சிருக்கேன். உங்கம்மாவைப் போன வாரம் கோம்பைல பாத்தேன், முட்டி வலி கொறஞ்சிருக்காம், நீ வேட்டைக்குப் போற விஷயத்தை நான் சொல்லல, நீயே சொல்லிக்க.

கடைக்குப் போனா அந்த உள் லேபிளையும் தையல் லைனையும் கிட்டத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன், அதுக்குள்ள பில் போட்டுராத. தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாச் சொல்லு.

உன்
மச்சான்