சூட்கேசில் இடம் வை

கொக்குவில்,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை என்று ஏசுவாய். ஏசு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு, வாய் மட்டும் குறையவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்று கண்ணாடி மாஸ்டர் சொன்னார். அதுதான் இந்த அவசரம்.

வால்வு அம்ப்ளிபயர், அதுதான் கண்ணாடிக் குழாய் எரியும் அந்தப் பழைய வகை, அதன் பைத்தியம் முற்றிவிட்டது. சிரிக்காதே. போன கிழமை மாஸ்டர் 300பி என்ற வால்வு போட்ட தன்னுடைய அம்ப்ளிபயரைக் கொண்டுவந்து இரண்டு நாள் விட்டுப் போனார். ஒரு பக்கத்துக்கு ஒரே வால்வு, 8 வாட். நாதஸ்வரம் தனியே ஆலாபனை செய்யும்வரை வாசிப்பவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. தவில் நுழைந்தது, கதை முடிந்தது. ஒவ்வோர் அடியும் ஈரச் சாக்கில் விழுந்த மாதிரி.

பிழை அம்ப்ளிபயரில் இல்லை. என் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு ஒரு மீற்றரில் தரும் சத்தம் 86 டெசிபெல்தான். 8 வாட்டையும் பிழிந்தால் 95. என் கதிரையோ மூன்று மீற்றர் தள்ளி. மாஸ்டர் வீட்டு ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கே 96. அவர் 1 வாட்டில் கேட்பதை நான் கேட்க 10 வாட் வேண்டும். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல்தானே.

என் ஸ்பீக்கருக்குப் பின்னால் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கிறது, அடித்தொனியில் அது 4 பக்கம் இறங்கிவிடுகிறதாம். வயரை அம்ப்ளிபயரின் 4 ஓம் முனைக்கு மாற்றிப் பார்த்தேன் (நிறுத்திவிட்டுத்தான், பயப்படாதே). தொளதொளத்த அடித்தொனி கொஞ்சம் இறுகியது. தவில் திருந்தவில்லை.

ஆகவே எனக்கு புஷ்-புல் அம்ப்ளிபயர் ஒன்று, ஒரு பக்கத்துக்கு இஎல்34 வால்வு இரண்டு சோடியாக வேலை செய்வது, 35 வாட்டளவில், 4, 8 ஓம் இரண்டு முனையும் உள்ளதாகப் பார். உங்கள் ஊர் 120 வோல்ட், இங்கே 230. மாற்றிப் போட முடியுமா என்று கேட்காமல் காசைக் கொடுத்துவிடாதே.

ட்ரான்சிஸ்டரில் பாதி விலைக்கு 100 வாட் வரும் என்பாய். தெரியும். கறன்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நீ பெடல் சுற்ற, டைனமோவில் பாட்டுக் கேட்டதும் ட்ரான்சிஸ்டர் றேடியோவில்தான். நன்றி மறக்கவில்லை. ஆனால் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தபோது அப்பாவின் வால்வு றேடியோ மேசையிலேயே நின்றது. அம்மாவின் பழைய சேலைத் துண்டால் மூடியபடி. திரும்பி வந்தபோது மேசையும் இல்லை.

மாஸ்டரின் அம்ப்ளிபயரைப் போட்ட இரவு லைற்றை நிறுத்திவிட்டு அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வில் தூசி சூடேறும் மணம். அம்மா வாசலில் வந்து நின்று, "அப்பான்ரை றேடியோ மணக்குது" என்றார். அவ்வளவுதான், போய்ப் படுத்துவிட்டார்.

சாமான் கனக்கும், எல்லாம் ட்ரான்ஸ்போமர். வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வை. சொக்கிலேட்டைக் குறை, இங்கே ஒருவரும் அழமாட்டார்கள். பெடல் சுற்றிய கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சக் கணக்கை அனுப்பு.

உன்
மச்சான்