காதுக்குள் சில்வண்டு

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். நேற்று நீ மூன்று முறை "என்னம்மா?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று நினைத்து நான் கொல்லைப்புறம் போய் நின்று கத்தினேன். போனை வைக்கப் போகும் நேரத்தில், "ராத்திரி ஃபேனை நிறுத்தினால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறதம்மா, பத்து நாளாக" என்றாய். பத்து நாளாகவா!

போன மாதம் நீ விட்டுப்போன பரு மாத்திரைப் பெட்டியை இன்று எடுத்தேன். உள்ளே எட்டாய் மடித்த தாள், எறும்பு ஊர்வதுபோல எழுத்து. உதடு வெடிப்பது, கண் உலர்வது, கருத்தரிக்கவே கூடாது என்பதெல்லாம் உன் டாக்டர் சொன்னவைதான். அவற்றுக்கெல்லாம் கீழே காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் ஒரே வரியில் கிடக்கின்றன. மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். அந்த மாத்திரையில் இருக்கும் ஐசோட்ரெட்டினாய்ன் வைட்டமின் ஏ வகையறாவாம். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து, காதைத் தொடுவது அபூர்வம் என்றார். ஆனால் தொட்டுவிட்டால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நிறுத்திய பிறகும் சிலருக்குக் குறை தங்கியிருக்கிறதாம்.

இன்றிரவுக் காப்ஸ்யூலை விழுங்காதே. காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் பேசு. ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனைப் பார்க்கும் சோதனை, எடுக்க வேண்டுமா என்று கேள். சத்தம் வராத அறையில் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள், வலிக்காது. பருவுக்கு முன்பு கொடுத்த டாக்சிசைக்ளின் மாத்திரை மிச்சத்தையும் சேர்த்து விழுங்குகிறாயா? அதுவும் இதுவும் சேரவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிடக்கூடும். கடும் தலைவலி, பார்வை மங்கல், நாடித் துடிப்போடு காதில் 'உஸ் உஸ்' என்று ஏதாவது இருந்தால் காலை வரை காத்திராதே, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடச் சொல்கிறார். விட்டுவிடாதே.

பெண் பார்க்க வருகிறார்கள், முகத்தில் இத்தனை பருவா என்று உன்னை நச்சரித்தது நான்தான். நீ அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. பாதியில் நிறுத்தினால் அம்மா திட்டுவாள் என்றுதான் பத்து நாள் வாயைத் திறக்கவில்லையோ? பரு இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பார்த்துத் திரும்பிப் போகிறவன் போகட்டும்.

அப்பா சில்வர் பீச்சுக்கு நடக்கப் போயிருக்கிறார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்ததும் கூப்பிடு. போனை ஒரு முறை வலது காதிலும் ஒரு முறை இடது காதிலும் வைத்துப் பேசு. என் குரல் எதில் குறைகிறது என்று சொல்.

அம்மா