மாயாபஜாரைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பார்க்க வேண்டிய பழைய தெலுங்குப் படங்கள் என்று சென்ற இதழில் நீங்கள் தந்த பட்டியலை இரண்டு முறை படித்தேன். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவன் நான். ‘பாதாள பைரவி’, ‘மிஸ்ஸம்மா’, ‘குண்டம்மா கதா’ மூன்றும் இடம்பெற்றதில் மகிழ்ச்சி. ஆனால், ‘மாயாபஜார்’ படத்தை 2010-இல் வந்த வண்ணப் பதிப்பில் பார்க்கச் சொல்கிறீர்களே, அதைத்தான் மனம் ஏற்கவில்லை.

கே.வி. ரெட்டி 1957-இல் இயக்கிய அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லே. ‘லாஹிரி லாஹிரி’ பாட்டில் அபிமன்யுவும் சசிரேகையும் படகில் போகிறார்கள். பிறகு கிருஷ்ணனும் ருக்மிணியும், பலராமனும் ரேவதியும். அங்கே தண்ணீரில் மினுங்கும் நிலவு பார்ட்லே உண்டாக்கியது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அவர் வைத்திருக்கும் சாம்பல் சாயல்களில்தான் அந்த இரவின் குளிர்ச்சியே இருக்கிறது. அதன்மேல் நீலத்தைப் பூசிவிட்டால் பார்ட்லேயின் நிலவு எங்கே? போதாததற்கு, வண்ணப் பதிப்பு மூலப்படத்தைவிட நீளத்திலும் குறைந்தது. தமிழ் ‘மாயாபஜார்’ பார்த்து ‘கல்யாண சமையல் சாதம்’ பாடித் திரிந்தவர்களுக்கு இந்த அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. பட்டியலில் ‘மல்லீஸ்வரி’ இல்லவே இல்லை! பி.என். ரெட்டியின் 1951-ஆம் ஆண்டுப் படம். பாட்டுகள் தேவுலபள்ளி கிருஷ்ணசாஸ்திரி, இசை எஸ். ராஜேஸ்வர ராவ். ‘மனசுன மல்லெல’ பாட்டை நாயகி மல்லியாக நடித்த பானுமதியே பாடியிருக்கிறார். பின்னிரவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் மல்லி ஆடுகிறாள். மாறுவேடத்தில் வந்து ரசிப்பவர் கிருஷ்ணதேவராயர். ஆளைத் தெரியாமல் அவள் காதலன் நாகராஜு (என்.டி.ஆர்.), ‘இவளுக்கு ராயரிடம் சொல்லிப் பல்லக்கு அனுப்பச் சொல்லுங்கள்’ என்று விளையாட்டாகக் கேட்டுவைக்கிறான். பிறகு ஒருநாள் அவளை அரண்மனைக்குக் கொண்டுபோகப் பல்லக்கு வந்தேவிடுகிறது; காதலர்கள் பிரிகிறார்கள். அந்த இடம் வந்தால் என் அம்மா, “வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா பாவி” என்று என்.டி.ஆரைத் திட்டுவார். எத்தனை முறை பார்த்தாலும் அதே கோபம்.

அடுத்த இதழில் இந்தப் படத்துக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாயாபஜாருக்கு அருகில் ‘கறுப்பு வெள்ளைப் பிரதி’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

– வாசகர், கோவில்பட்டி