பழைய கம்ப்யூட்டர்களை ஏலத்தில் தள்ளாதீர்கள்: எல்லைப்புறப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், இந்தப் பகுதி வாசகசாலைக் கமிட்டிகளுக்கும் வணக்கம்.

நான் பாலக்காட்டின் இந்தத் தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். கொஞ்ச காலமாக வாசகசாலைகளிலிருந்தும் சிறிய அலுவலகங்களிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, இதை ஏலத்துல விட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" அவசரப்பட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, பணம் ஒதுக்கும் இடத்தில் இருக்கும் உங்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் ஓடுவது நிற்கவில்லை, அதனால்தான் ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி ஒன்றுதான். 11இல் மாதாமாதம் ஓட்டைகளை அடைக்கும்போது, எந்த இடத்தை அடைத்தார்கள் என்று பார்த்தே, பழையதில் திறந்து கிடப்பது எது என்று திருடர்கள் தெரிந்துகொள்வார்கள்.

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்து 300 டாலர் கேட்டது. வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மாட்டின. நம் பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் அது புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் உலகெங்கும் பெரும்பாலும் சிக்கின. இப்போது விண்டோஸ் 10இல் ஓடும் நம் கம்ப்யூட்டர்களுக்கோ, பணம் கட்டாவிட்டால் அப்டேட் வரப்போவதே இல்லை.

சரி, விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். உங்கள் அலுவலகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பிராசசர் பெயரில் ஐ5-6500 என்று இருந்தால், கோட்டுக்கு அடுத்த 6தான் தலைமுறை. அது தேறாது. ஐ5-8400 என்றால் தேறும். தேறாத கம்ப்யூட்டரில் குறுக்குவழியாக 11ஐ ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. பொது அலுவலகத்தில் அதைச் செய்யக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் பெட்டிகளை வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள்.

பணம் கட்டி அப்டேட் வாங்கும் வழியும் உண்டு. நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. மொத்தம் 427 டாலர். அந்தப் பணத்துக்கு நல்ல கம்ப்யூட்டரே கிடைக்கும். வேறு வழியே இல்லாத ஓரிரண்டுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். இதைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கேரளத்தில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காக 2001இல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. இன்று அந்தத் திட்டத்தின் வழி வந்த அரசு நிறுவனமான கைட் தரும், உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பின் வழி வந்த லினக்ஸில்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், தமிழ்வழிப் பிள்ளைகளும்தான். பள்ளியில் அதில் படிக்கும் பிள்ளை, மாலையில் வாசகசாலைக்கு வந்து பாதுகாப்பில்லாத விண்டோஸில் உட்கார வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் லினக்ஸ் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. அதற்கும் கெடு உண்டு. உபுண்டு 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023இலேயே தீர்ந்தது. அதை வைத்து வந்த பழைய பள்ளிப் பதிப்பு உங்களிடம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 22.04க்கு 2027 வரை, லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 32 பிட் மட்டுமே தாங்கும் மிகப் பழைய பெட்டிகளை விட்டுவிடலாம். பெரிய லினக்ஸ் பதிப்புகள் ஒவ்வொன்றாக அவற்றைக் கைவிட்டு வருகின்றன. அவற்றின் ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்த பிறகு மின்கழிவு சேகரிக்கும் அரசின் கிளீன் கேரளா கம்பெனியிடம் ஒப்படையுங்கள்.

மாற்றும்போது உண்மையில் தொல்லை தருவது எழுத்துருதான். நம் வாசகசாலைகளின் ஆண்டு அறிக்கை, மலர், உறுப்பினர் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. மலையாளக் கடிதங்களுக்கும் இதே கதைதான். லினக்ஸில் அந்தக் கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து, மறுபடி விண்டோஸே போடு என்று சொல்லிவிடுகிறார்கள். கெடவில்லை. பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலிலேயே பென்டிரைவில் எடுத்துவைத்து, அதே எழுத்துருக்களை லினக்ஸிலும் நிறுவினால் லிப்ரேஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் அப்படியே படிக்கலாம். அப்புறம் முக்கியமானவற்றை மெல்ல மெல்ல, எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது.

சில டிஜிட்டல் கையெழுத்துக் கருவிகளும் பழைய பிரின்டர்களும் டாலி என்ற கணக்கு மென்பொருளும் விண்டோஸைத்தான் கேட்கும். அதனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விண்டோஸ் 11 தாங்கும் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கட்டும்.

இந்த ஆண்டுத் திட்டத்தில் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் ஒதுக்கும் முன், உங்கள் பஞ்சாயத்திலும் வாசகசாலைகளிலும் இருப்பவற்றின் பிராசசர், ராம், இப்போது ஓடும் ஓஎஸ் (இயங்குதளம்) ஆகிய மூன்றையும் பட்டியலாக எடுத்துக் கிராம சபையில் வையுங்கள். இன்னும் பயன்படக்கூடியவற்றுக்கு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி வாங்க மட்டும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலே பாதி மந்தம் போய்விடும். பக்கத்துப் பள்ளியின் லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் மன்றப் பிள்ளைகளை அவர்கள் ஆசிரியரோடு ஒரு சனிக்கிழமை வாசகசாலைக்கு வரச் சொல்லுங்கள். பட்டியல் எடுக்கவும், எழுத்துருக்களையும் கோப்புகளையும் பத்திரமாக எடுத்துவைக்கவும் நான் கூலி இல்லாமல் வருகிறேன். எந்த வாசகசாலையில் தொடங்குவது என்று நீங்கள் முடிவு செய்து சொன்னால் போதும்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்