ஆபரேஷனா, கரண்டா, காத்திருப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்றதும் எங்கள் பாபநாசம் பக்கம் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷனா, கரண்டா?" கரண்ட் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. அப்பாவுக்கு 71 வயதில் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, பயாப்சி என்ற சதைப் பரிசோதனை முடிந்த கையோடு கரண்ட் என்று ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்கள், வேறு வழி உண்டா என்று யாரும் பேசவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. வாரம் 5 நாள், ஏழு வாரத்துக்கு மேல் தஞ்சாவூர் பஸ். சம்பா நடவு நேரம் வேறு. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படுக்க வைப்பார்கள் என்பதால் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் பெஞ்சில் நெளிந்துகொண்டிருப்பார். மெஷின் தாமதமானால் போய்விட்டு வந்து மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும்.

அப்புறம்தான் படித்தேன். பிரிட்டனில் 1,643 பேரைச் சுமார் 15 வருஷம் கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. சுரப்பியைத் தாண்டாத நோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, உடனே சிகிச்சை தராமல் அடிக்கடி பரிசோதித்துக் காத்திருக்கும் கண்காணிப்பு எதுவானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதம் அளவுதான். கண்காணிப்பில் நோய் பரவியவர்கள் மற்ற இரண்டையும் விட ஏறக்குறைய இரு மடங்கு, அதையும் மறைக்கக் கூடாது. தீவிர வகை நோய்க்குக் காத்திருப்பது சரியும் இல்லை. ஆனால் அறுவையில் சிறுநீர்க் கசிவு, கதிர்வீச்சில் மலத்தில் ரத்தம் என்று தொல்லைகள் வேறு வேறு. இப்போது பலருக்கு 20 தடவையிலேயே கதிர்வீச்சை முடிக்கிறார்கள். இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) ஒரு ஆளைப் போடக் கூடாதா? அப்பா நன்றாக இருக்கிறார், கரண்டைக் குறை சொல்லவில்லை. கேட்காமலே முடிவெடுத்ததைத்தான் சொல்கிறேன்.

— ஒரு வாசகர், பாபநாசம்