மகள், கோப்பையின் வாயைத் திரும்பக் கீறு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தோஹாவிலிருந்து நீ வட்ஸ்அப்பில் அனுப்பின படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பை ஒன்று, போட்டோவைப் பார்த்துக் கீறின கல்லடிப் பழைய பாலம் மற்றது. கை படியுதில்லை என்று எழுதியிருக்கிறாய். கையில் பெரிய பிழை இல்லை. முன்னால் இருக்கிற கோப்பையை விட்டுவிட்டு, மனதில் இருக்கிற கோப்பையைக் கீறியிருக்கிறாய்.

வாயை நல்லாத் திறந்த வளையமாகப் போட்டுவிட்டு அடியை நேர்கோடாக வெட்டியிருக்கிறாய், பார். வாய்க்குள்ளே எட்டிப் பார்க்கிற கண்ணுக்கு அடி நேராகத் தெரியவே தெரியாது. கோப்பையை மெல்ல மெல்லக் கண்ணுக்கு நேரே உயர்த்து. வாய் ஒடுங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு கோடாகிவிடும். கீழே இறக்க இறக்கத் திரும்ப விரியும். ஆகவே வாயைவிட அடியின் வளைவுதான் கொஞ்சம் கூடுதலாக உப்ப வேணும். மண் கூசாவுக்கும் செம்புக்கும் இதே கணக்குத்தான்.

வாயின் இரண்டு ஓரமும் கூராக முடிகிறதும் பிழை. மேலே ஒரு வில், கீழே ஒரு வில் போட்டு ஒட்டினால் அப்படித்தான் வரும். நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது. பென்சில் தாளில் முட்டாமல் நாலைந்து தரம் சுற்று. சுற்றுகிற வேகத்தை நிறுத்தாமலே தாளில் இறக்கு. மணிக்கட்டால் சுற்றாதே, தோளால் சுற்று. மணிக்கட்டுக்கு எட்டுவது சின்ன வில்தான். உன் நீளக் கோடுகள் எல்லாம் துண்டு துண்டாக, மயிர் முளைத்தது மாதிரிக் கிடக்கிறதற்கும் அதுதான் காரணம். நாளுக்கு 10 நிமிடம் நீள்வட்டம் மட்டும் கீறு. பழைய பேப்பரிலே கீறினாலும் போதும்.

உயரம் அகலத்தைக் கண்ணால் மதிக்காதே. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனி கோப்பையின் ஒரு ஓரத்துக்கு நேரே தெரியப் பிடித்து, மற்ற ஓரத்தைப் பெருவிரலால் பென்சிலில் குறி. அந்த அகலம் உயரத்துக்குள் எத்தனை தரம் போகிறது என்று பார். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும்.

12 பென்சில் பெட்டியை இப்போதைக்கு மூடி வை. எச்பி, 2பி, 4பி மூன்றும் காணும். எச் ஏற ஏறக் களிமண் கூட, கோடு வெளிறும். பி ஏற ஏறக் காரீயம் என்கிற கிராபைட் கூட, கோடு கறுக்கும். நிழலுக்குக் கட்டரில் தீட்டாதே, முனை குட்டையாகிவிடும். பிளேட்டால் மரத்தைச் சீவிக் காரீயத்தை 6, 7 மில்லிமீற்றர் வெளியே விட்டால் பென்சிலைச் சாய்த்துப் பக்கத்தாலும் நிழல் போடலாம். தீட்டத் தீட்ட முறிகிறது என்றால் எங்கேயோ கீழே விழுந்து உள்ளே உடைந்த பென்சில். அதோடு மல்லுக்கட்டாதே. போட்டோக்கொப்பித் தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம்தான், வழுவழுப்பும் கூட. 4பி அதில் பிடிக்காது. 120 கிராமுக்கு மேலே, கொஞ்சம் சொரசொரப்பான தாளாகப் பார்த்து வாங்கு.

முதல் கோடு எச்பியில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி விழ வேணும். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். அழிறப்பர் கருமையை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. மேலே நிழல் போட்டவுடன் அந்த இடம் வெள்ளைக் கீறலாக எழும்பும். உன் கைபிடியின் பக்கத்தில் அப்படி இரண்டு கிடக்கு.

நிழலை விரலால் தேய்த்திருக்கிறாய். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறினால் அழுக்கு மாதிரி நிற்கும், பிறகு அழியவும் மாட்டாது. கோட்டுக்குப் பக்கத்தில் கோடாக, மெல்லிய அடுக்குகளாக ஏற்று. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் தனித்தனியே பிரிந்து தெரியும். மேசையில் கோப்பை முட்டுகிற இடம்தான் ஆகக் கறுப்பு. கறுப்புக்குப் பயந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிவிட்டாய், அதனால் கோப்பை மிதக்கிறது.

பாலத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிலைக்கம்பிகளை எல்லாம் ஒரே இடைவெளியில் நட்டிருக்கிறாய். தூரம் போகப் போக இடைவெளியும் ஒடுங்க வேணும். முதல் கம்பியையும் இரண்டாவதையும் கண்ணால் பார்த்துப் போடு. இரண்டாவதின் நடுவில் ஒரு புள்ளி வை. முதல் கம்பியின் தலையிலிருந்து அந்தப் புள்ளியூடாகச் சரிவுக்கோடு இழுத்தால், அது அடிக்கோட்டை முட்டுகிற இடத்தில் மூன்றாவது கம்பி நிற்கும். நாலாவதுக்கும் அதே மாதிரி, இரண்டாவதின் தலையிலிருந்து இழு.

கடற்கரையில் ஆக்களைக் கீறுகிறதை லீவில் வரும்போது பார்ப்போம். அதுவரைக்கும் இதை மட்டும் யோசித்து வை: நீ சமமான மணலில் நின்று பார்த்தால், அதே மணலில் உன் உயரமுள்ள ஒரு ஆள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், கடலும் வானமும் முட்டுகிற கோடு அவரின் கண்ணுக்கு நேரேதான் போகும்.

கோப்பையைத் திரும்பக் கீறி அனுப்பு. பிழைத்த கோடுகளை அழிக்காதே. அழித்துப்போட்டால் எங்கே சறுக்கினாய் என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அம்மா