கதவுச் சத்தம் குறித்து

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் காரின் ஓட்டுநர் பக்கக் கதவைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாட்களாகவே எண்ணிக்கொண்டிருக்கிறேன். அண்மைக் காலமாக நீ காருக்குள் அமர்ந்தபடியே எங்களோடு பேசுவதால், பேச்சு முடியும் தறுவாயில் அந்தக் கதவின் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. முதலில் கிறீச்சென்று ஓர் இழுவை, நடுவில் ‘டக்’கென்று ஒரு தட்டு, பிறகு ஒரே முறையில் சாத்த முடியாமல் மறுபடியும் ஓங்கி அறைவது. போல்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் 10 நம்பர் ஸ்பேனரா 12 நம்பரா என்று சொல்லிவிடும் பெண், இப்படி ஒரு கதவை வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. இரவு வேளையில் அது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். நீ எத்தனை மணிக்கு வருகிறாய், போகிறாய் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன், கதவைப் பாதி திறந்து, அதன் பின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார். கதவு மட்டும் சற்றே மேலே எழும்பி இறங்கினால் கீலின் பின்னோ (நடுவில் செல்லும் அச்சாணி), அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற வளையமோ தேய்ந்திருக்கிறது. அசைவே இல்லையென்றால் வெறும் வறட்சிதான். கிறீச்சொலிக்குப் பெரும்பாலும் வறட்சியே காரணம். கீல்களில் படிந்த பழைய பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொஞ்சமாக வைத்து, கதவைப் பலமுறை திறந்து மூடு. சமையல் எண்ணெய் ஊற்றாதே. அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். எல்லாரும் கையில் எடுக்கும் டபிள்யூ டி 40 என்ற தெளிப்பு ஈரத்தை விரட்டுவதற்கென 1953-இல் உருவானது. அழுக்கைக் கரைக்க உதவும், ஆனால் கீலுக்கு அது மட்டும் போதாது, சத்தம் விரைவில் திரும்பிவிடும். கதவு ரப்பருக்கு கிரீஸே வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அதற்குச் சிலிக்கான் தெளிப்பைத் துணியில் நனைத்துத் தடவினால் போதும்.

நடுவில் கேட்கும் ‘டக்’ வேறு கதை. கதவு அளவுக்கு மீறித் திறக்காமல் பிடித்து நிறுத்தும் பட்டை ஒன்று இரு கீல்களுக்கும் நடுவில் இருக்கிறது அல்லவா, அதைக் கார் உடலின் தூணோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் அப்படித்தான் தட்டும். முடுக்கிவிட்டுப் பட்டையின் மேல் சிறிது கிரீஸ் தடவு. அதற்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இரண்டு முறை அறைய வேண்டியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கதவு தொய்ந்து, அதன் லாக், எதிரே தூணில் உள்ள ஸ்ட்ரைக்கர் என்ற கொக்கியில் சரியாகப் போய் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் கதவைத் தூக்கிப் பார் என்று மறுபடியும் சொல்கிறேன்; கீல் தேய்ந்திருக்கும்போது ஸ்ட்ரைக்கரை நகர்த்துவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவது போலாகும். கீல் நன்றாக இருந்தால், ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, மிகச் சிறிதளவு நகர்த்திச் சாத்திப் பார். முழுவதும் கழற்றிவிடாதே; சில கார்களில் உள்ளே இருக்கும் தகடு தூணுக்குள் விழுந்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. பெரிய அத்தையின் காரும் இப்படித்தான் தொடங்கியது. அவளும் கடைசி வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஓங்கி அறைந்து அறைந்தே காலம் தள்ளிவிடலாம் என்று நீயும் நினைக்க வேண்டாம். சரியாகப் பூட்டாத கதவோடு ஓட்டுவது ஆபத்து.

கீலின் பின்னை மாற்ற வேண்டி வந்தால் கதவை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டுப் பார். அவர் இல்லையென்றால், ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டையும் மடித்த துணியும் வைத்துக் கதவின் அடியில் முட்டுக்கொடுக்கலாம். தனியாளாகவும் செய்துவிடக்கூடிய வேலைதான். உன்னால் முடியும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இருந்தாலும் கேட்டுப் பார்.

வேலை நடக்கையில் கதவு நெடுநேரம் திறந்திருக்கும் என்பதால் உள்விளக்கை அணைத்துவிடு. கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகளையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திச் சுத்தம் செய். மண் அடைத்திருந்தால் மழைநீர் உள்ளேயே தேங்கித் தகடு துருப்பிடிக்கும்.

தூக்கிப் பார்த்ததில் அசைவு இருந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுது. அசைவு இருந்தால், நீ கூப்பிடாவிட்டாலும் நான் ஸ்பேனர் பெட்டியோடு புறப்பட்டு வருகிறேன். அசைவு இல்லாவிட்டாலும் வரலாம். எந்த நாள் உனக்கு வசதி என்று சொல்.

அன்புடன்,
அப்பா